வண்டியின் மோப்பம் மங்குமுன்

ஆண்டிப்பட்டிக்கு அருகில் வைகையாற்றின் குறுக்கே எழுப்பப்பெற்று, 1959-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 21-ஆம் நாளன்று முதலமைச்சர் காமராசர் அவர்களால் திறந்து வைக்கப்பெற்ற அணையைக் காணாத குடும்பம் தேனிப் பகுதியில் இராது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, பூங்காவில் அமர்ந்து, கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டு மகிழ்ந்து திரும்புகிறோம். அணையின் உயரத்தையும் நீர்ப்பரப்பையும் கண்டு வியக்கும் நாம், நீர்மட்டத்தைக் காட்டும் எளிய அளவுகோலை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. ஆனால் அணைக்குக் கீழே வாழும் மக்களின் பாதுகாப்பு அந்த அளவுகோலின் வாய்மையிலே அடங்கியிருக்கிறது. நீர்மட்டத்தின் உச்சம் 71 அடி. அது 66 அடியை எட்டியதும் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கை. 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கை. தேனி முதல் இராமநாதபுரம் வரையில் ஐந்து மாவட்டங்கள் அந்த எண்களை நம்பியிருக்கின்றன.

அந்த அளவுகோல் முறிந்து விழுந்தால் அன்றைக்கே பொறியாளர் கண்டுகொள்வார், மாற்றியும் விடுவார். ஆனால் அது முறியாமல் நின்று, உண்மை மட்டம் 69 அடியாக இருக்கும்போது 67 அடி என்று காட்டுமாயின் என்ன ஆகும்? காலையில் ஏறிய வெள்ளத்தை மாலையில்தான் காட்டுமாயின் என்ன ஆகும்? வாய் பேசாத சாட்சியைவிடத் தவறாகப் பேசும் சாட்சியே வழக்கைக் கெடுப்பான். முன்னவனை நீதிபதி விட்டுவிடுவார். பின்னவனை நம்பித் தீர்ப்பு எழுதிவிடுவார்.

நம் இல்லங்களில் நிற்கும் பெட்ரோல் காரிலும் இத்தகைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. அது மூப்படையும்போது பெரும்பாலும் சட்டென்று சாவதில்லை. மெல்ல மெல்ல மந்தமாகிறது. வண்டியோ வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். அதனை முற்றிலும் கெடும்வரை விட்டுவைப்பதா, கெடுமுன் மாற்றிவிடுவதா என்பதே இம்மாதம் நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள்.

இஃது என்ன கருவி?

இதன் பெயர் ஆக்சிஜன் சென்சார். பட்டறைகளில் ‘ஓ-டூ சென்சார்’ என்றும், ‘லாம்டா சென்சார்’ என்றும் சொல்வார்கள். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில், மறை போட்டுத் திருகப்பட்டிருக்கும்; பார்வைக்கு ஒரு ஸ்பார்க் பிளக் போலத் தோன்றும். ஜெர்மனி நாட்டின் பாஷ் நிறுவனம் இதனை உருவாக்கிற்று. 1976-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வால்வோ கார்களில் முதன்முதலாக இது இடம் பெற்றது.

இதன் வேலையை ஒரு சொல்லில் கூறினால், மோப்பம் பிடித்தல். அடுப்பு சரியாக எரிகிறதா என்பதை நம் இல்லத்தரசியர் புகையைப் பார்த்தே சொல்லிவிடுவதில்லையா? விறகு மிகுந்து காற்றுக் குறைந்தால் கரும்புகை. காற்று மிகுந்தால் அனல் நிற்காது. என்ஜினும் ஓர் அடுப்பே. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் மிச்சமின்றி எரிய 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். எரிந்து வரும் புகையில் பிராணவாயு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை முகர்ந்து, ‘பெட்ரோல் மிகுந்தது’ என்றோ, ‘காற்று மிகுந்தது’ என்றோ, காரினுள் இருக்கும் சிறு கணிப்பொறிக்கு இந்தச் சென்சார் சொல்லுகிறது. கணிப்பொறி அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ தெளிக்கிறது.

உள்ளே நிகழ்வது இதுதான். சிர்கோனியா என்னும் ஒருவகைச் சுட்ட மண்ணாலான சிறு குப்பியின் உட்புறமும் வெளிப்புறமும் பிளாட்டினம் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். உட்புறம் வெளிக்காற்றைத் தொடும். வெளிப்புறம் புகையைத் தொடும். இரு புறமும் உள்ள பிராணவாயுவின் அளவு வேறுபடுவதால் ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் மிகுந்த கலவையாயின் ஏறத்தாழ 0.9 வோல்ட், காற்று மிகுந்த கலவையாயின் ஏறத்தாழ 0.1 வோல்ட். நல்ல நிலையிலுள்ள சென்சார் இவ்விரு எல்லைகளுக்கிடையே ஓயாமல் ஊசலாடிக்கொண்டே இருக்கும். குப்பி ஏறத்தாழ 300 டிகிரி வெப்பத்தை அடைந்தால்தான் இவ்வேலை நடக்கும். ஆதலின், விரைவில் சூடேற்றுவதற்காக அதனுள்ளேயே ஒரு சிறு ஹீட்டரையும் பிற்காலத்தில் பொருத்தினார்கள்.

நம் பள்ளத்தாக்கில் இதன் அருமை பிற இடங்களைவிட மிகுதி. போடியிலிருந்து பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறும் காரை நினைத்துப் பாருங்கள். ஓராயிரம் மீட்டருக்கு மேல் ஏறியதும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அடிவாரத்தில் பொருத்தமாயிருந்த பெட்ரோல் அளவு உச்சியில் மிகையாகிவிடும். கார்புரேட்டர் வண்டிகள் மலையேறும்போது மூச்சுத் திணறிய காலத்தை மூத்தோர் அறிவர். இன்றைய கார்கள் காற்றின் அளவைக் காட்டும் பிற கருவிகளைக் கொண்டு பெட்ரோலைக் கணக்கிட்டாலும், அந்தக் கணக்குச் சரிதானா என்று இறுதியில் ஒத்துப்பார்ப்பது இந்த மோப்பக் கருவியே.

எந்த வண்டிகளில் உண்டு?

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் என்னும் புகை சுத்திகரிப்பான் கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தச் சுத்திகரிப்பானையும் சென்சாரையும் நஞ்சூட்டிக் கொல்லுமாதலின், 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படலாயிற்று. அதையொட்டிய ஆண்டுகளில் கார்புரேட்டர் விடைபெற்றது. கணிப்பொறியும் சென்சாரும் கார்களில் குடிபுகுந்தன. பி.எஸ். 4 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி 2017-இலும், பி.எஸ். 6 விதி 2020-இலும் நாடு முழுவதற்கும் வந்தன. 2020-க்குப்பின் வந்த இருசக்கர வாகனங்களிலும் பெரும்பாலானவற்றில் இக்கருவி உண்டு.

ஆகவே, இல்லத்தில் பழைய அம்பாசடரோ, கார்புரேட்டர் பொருத்திய மாருதியோ வைத்திருப்போருக்கு இந்தக் கவலை இல்லை. ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பழைய டீசல் ஜீப்புகளுக்கும் இல்லை. 2000-க்குப்பின் வந்த பெட்ரோல் கார் வைத்திருப்போரும், குறிப்பாக அதனைப் பழைய வண்டியாக விலைக்கு வாங்கியோருமே இதனைக் கவனித்தல் வேண்டும்.

பெரும்பாலான கார்களில் இரண்டு சென்சார்கள் இருக்கும். சுத்திகரிப்பானுக்கு முன்னால் உள்ளது பெட்ரோலின் அளவை ஆளுவது. பின்னால் உள்ளது, சுத்திகரிப்பான் தன் வேலையைச் செய்கிறதா என்று மேற்பார்வை பார்ப்பது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்துதல் நலம். பின்னர்ச் செலவுக் கணக்குப் பார்க்கும்போது பயன்படும்.

மூப்பு எப்படி வருகிறது?

அனலிலும் புகையிலும் பல ஆண்டுகள் வாழும் கருவிக்கு மூப்பு இயல்பே. குப்பியின்மேல் கரி படிகிறது. தேய்ந்த என்ஜின் ஆயிலைக் குடிக்குமாயின், ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் முதலியவை சாம்பலாகப் படிந்து நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் என்ஜினுக்குள் கசிந்தால் அதுவும் நஞ்சே. என்ஜின் பாகங்களை ஒட்டுவதற்குத் தகாத சிலிக்கோன் பசையைப் பயன்படுத்தினால், அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும். மழைக்காலத்தில் சாலையில் தேங்கிய நீருக்குள் வேகமாக இறங்கும்போது, கொதித்துக்கொண்டிருக்கும் குப்பி திடீரெனக் குளிர்ந்து விரிசல் விடுதலும் உண்டு. உள்ளிருக்கும் ஹீட்டரும் ஒரு நாள் கருகிப்போகும்.

இவற்றுள் கம்பி அறுதலும் ஹீட்டர் கருகுதலும் வெளிப்படையான குற்றங்கள். டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து நம்மை எச்சரிக்கும். படிவினால் வரும் மந்தமோ அப்படியன்று. 0.1-இலிருந்து 0.9-க்குக் கண்ணிமைப்பதற்குள் தாவ வேண்டிய கருவி, சோம்பித் தாவுகிறது. கணிப்பொறிக்குச் செய்தி காலந்தாழ்ந்து சேருகிறது; அது பெட்ரோலைக் காலந்தாழ்ந்து திருத்துகிறது. விளக்கு எரியும் எல்லையை அந்தத் தாமதம் எட்டும்வரை ஓட்டுநருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அணையின் அளவுகோலைப் பற்றி நாம் மேலே சொன்னது இதற்காகவே.

இதனால் விளையும் கேடுகள் மூன்று. முதலாவது, பணம். முற்றிலும் பழுதான ஆக்சிஜன் சென்சாரைப் போன்ற கடுமையான குறையைச் சீர்செய்தால் மைலேஜ் 40 விழுக்காடு வரையில் மேம்படக்கூடும் என்று அமெரிக்க அரசின் எரிபொருட் சிக்கன வழிகாட்டி கூறியுள்ளது. அது மிகக் கெட்ட நிலைக்குரிய உச்ச அளவு என்பதை மறவாதீர்கள். சற்றே மந்தமான சென்சாருக்கு அது பொருந்தாது. நாம் பத்து விழுக்காடு இழப்பை மட்டும் கணக்கிட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார் 13.5 கி.மீ. ஓடுமாயின், ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டும் குடும்பத்துக்கு ஏறத்தாழ 74 லிட்டர் பெட்ரோல் வீணாகிறது. லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் 7,400 ரூபாய். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போகிறது.

இரண்டாவது, பெரிய செலவு. மிகையாக ஊற்றப்பட்ட பெட்ரோல் எரியாமல் சென்று சுத்திகரிப்பானுக்குள் எரிகிறது. அதன் உள்ளே தேன்கூடு போன்ற வடிவில், பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டுள்ளன. மிகை வெப்பத்தால் அந்தக் கூடு உருகி அடைத்துக்கொள்ளும். வண்டிக்கு வண்டி விலை மாறினும், சென்சாரின் செலவு பெரும்பாலும் சில ஆயிரங்களில் அடங்கும்; சுத்திகரிப்பானின் செலவோ பல்லாயிரங்களை விழுங்கும்.

மூன்றாவது, காற்று. குறையாக எரிந்த பெட்ரோலிலிருந்து கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. நிறமும் மணமும் அற்ற அந்த நச்சுவாயு, நம் இரத்தத்தில் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. கம்பத்திலும் பெரியகுளத்திலும் உள்ள குறுகிய தெருக்களில், திண்ணைக்கு ஒட்டினாற்போல் நிறுத்தி என்ஜினை ஓடவிடும் கார் யாருடைய மூச்சில் கலக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தல் நம் கடமை.

கெடுமுன் மாற்றலாமா?

இதில் இரு கட்சிகள் உண்டு. ‘ஓடுகிற வண்டியை நோண்டாதே’ என்பார் ஒரு சாரார். நன்றாக உழைக்கும் பாகத்தைக் கழற்றி எறிவது ஊதாரித்தனம் என்பதும், விளக்கு எரியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் அவர்கள் வாதம். ‘வருமுன் காப்பவனே அறிவாளி’ என்பார் மற்றொரு சாரார். குறித்த கிலோமீட்டர் ஆனதும் கேள்வியின்றி மாற்றிவிட வேண்டும் என்பது இவர்கள் துணிபு.

இரண்டிலும் உண்மை உண்டு. ஒரு பாகத்தைக் கெடும்வரை விடலாமா கூடாதா என்பது, கெட்டால் விளையும் சேதத்தையும், கெடுவது கண்ணுக்குத் தெரியுமா என்பதையும் பொறுத்தது. முகப்பு விளக்கின் பல்பு கெட்டால் உடனே தெரியும், செலவும் சிறிது, கெட்டபின் மாற்றலாம். டைமிங் பெல்ட் அறுந்தால் முன்னறிவிப்பு இராது. பல வண்டிகளில் என்ஜினே பாழாகும். ஆதலின் கெடுமுன் மாற்றியே தீர வேண்டும். ஆக்சிஜன் சென்சார் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கெட்டாலும் வண்டி நடுவழியில் நிற்பது அரிது. ஆனால் மந்தமாவது கண்ணுக்குத் தெரியாது. விளைவோ நாளடைவில் பெருகுவது.

நம் பள்ளத்தாக்குக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1979-க்குப் பிந்திய ஆண்டுகளில் அதன் மேற்புறத்தில் கான்கிரீட் இட்டும், எஃகு வடங்களால் பாறையோடு பிணைத்தும், பின்புறத்தில் கான்கிரீட் சேர்த்தும் வலுப்படுத்தினார்கள். அணை உடைந்துவிட்டது என்பதற்காகச் செய்த வேலையன்று அது. உடையக் கூடாது என்பதற்காகச் செய்தது. ஆயினும், எங்கே எவ்வளவு செய்ய வேண்டும் என்று ஆராய்ந்த பின்னரே செய்தார்கள். முன்காப்பும் சோதனையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சோதித்தறிந்து செய்வதே நல்ல முன்காப்பு.

ஆகவே நாம் கூறும் வழி இது. உதிரிப்பாகத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் குறிப்பிடும் ஆயுள், ஹீட்டர் இல்லாத பழைய வகைக்கு ஏறத்தாழ 50,000 முதல் 80,000 கி.மீ.; ஹீட்டர் உள்ள வகைக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் கி.மீ.; பிற்காலத்திய வகைக்கு ஏறத்தாழ 1,60,000 கி.மீ. உங்கள் வண்டியின் கையேடு வேறு கூறுமாயின் அதுவே முதற்சொல். இந்த ஆயுளை எட்டும்வரை, குறை காணாத வண்டியில் சென்சாரைத் தொட வேண்டியதில்லை. எட்டிய பிறகு, ஆண்டுக்கொரு முறை சோதித்துப் பாருங்கள். மந்தம் தென்பட்டால், விளக்கு எரியட்டும் என்று காத்திராமல் முன்புற சென்சாரை மாற்றிவிடுங்கள். மைலேஜும் குறைந்து, வண்டியும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கடந்து, பழைய சென்சாரே இருக்குமாயின், மாற்றுவதில் தவறில்லை. பின்புற சென்சாரை மட்டும் குறை தெரிந்த பின்னரே மாற்றினால் போதும். பெட்ரோலை ஆளும் முதன்மைப் பணி அதனுடையதன்று. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று பட்டறையில் வற்புறுத்தினால், காரணம் கேளுங்கள்.

சோதிப்பது எப்படி?

பி.எஸ். 4 கார்களில் 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஓ.பி.டி. 2 என்னும் தன்சோதனை அமைப்பு கட்டாயமாயிற்று. ஸ்டீயரிங் சக்கரத்துக்குக் கீழே உள்ள செருகுவாயில் ஸ்கேனரைச் செருகினால், கணிப்பொறி குறித்து வைத்துள்ள குறிகளைப் படிக்கலாம். ‘பி 0133’ என்றால் முன்புற சென்சாரின் மந்தம். ‘பி 0135’ என்றால் அதன் ஹீட்டர் மின்சுற்றில் குறை. குறி ஏதும் இல்லாவிடினும், என்ஜினை நன்றாகச் சூடேற்றி, 2,500 சுற்றில் நிறுத்தி, சென்சாரின் மின்னழுத்தத்தைத் திரையில் பார்க்கச் சொல்லுங்கள். முன்புற சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே சுறுசுறுப்பாகத் தாவ வேண்டும். நடுவிலேயே தயங்கி நின்றாலும், ஒரு பக்கமே ஒட்டிக்கொண்டாலும், சோம்பி ஊர்ந்தாலும் அது மூப்பின் அடையாளம். பின்புற சென்சார் ஏறத்தாழ ஒரே அளவில் அமைதியாக நிற்க வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் இவ்வாறு தாவாத, வேறு வகை சென்சார் உண்டு. அவற்றுக்கு அந்தந்தக் கையேட்டின் அளவையே கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செய்தி கொண்டுவந்த தூதனைத் தண்டிக்கும் அரசனைப் போல, ‘காற்று மிகுதி’ என்று குறி வந்தவுடன் சென்சாரைக் கழற்றிவிடக் கூடாது. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உட்புகுந்து அதனை ஏமாற்றும். ஒரு ஸ்பார்க் பிளக் சரியாகப் பொறி விடாவிட்டால், எரியாத காற்று வெளியேறி அதே செய்தியைத் தரும். ‘பி 0420’ என்னும் குறியோ பெரும்பாலும் சுத்திகரிப்பானின் தளர்ச்சியைக் காட்டுவது. என்ஜின் ஆயிலைக் குடிக்கும் வண்டியில் எத்தனை புதிய சென்சார் போட்டாலும் அதே கதிதான். முதலில் நோயின் வேரைத் தேட வேண்டும். அதைத் தேடாமல் ‘மாற்றிப் பார்ப்போம்’ என்று தொடங்கும் பட்டறையில் செலவு நம்முடையது, பாடம் அவர்களுடையது.

எத்தனால் கலப்பைப் பற்றியும் ஒரு சொல். 2023-இல் தொடங்கி, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவியுள்ளது. எத்தனாலில் பிராணவாயு இயல்பாகவே கலந்திருப்பதால், அது எரியக் குறைந்த காற்றே போதும். தூய எத்தனால் ஒரு பங்குக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு காற்று. இந்த மாற்றத்தைக் கண்டு பெட்ரோலின் அளவைத் திருத்திக்கொள்ளக் கணிப்பொறிக்கு உதவுவதும் சென்சாரே. பழைய காரில் பழைய சென்சார் மந்தமாயிருந்தால், திருத்தமும் மந்தமாகும்.

பட்டறையில் கவனிக்க

போலிப் பாகங்கள் மலிந்த காலம் இது. வண்டியின் மாதிரி, ஆண்டு, கம்பிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சரிபார்த்து, ரசீதுடன் வாங்குங்கள். புகைக்குழாய் கையால் தொடமுடியாத சூட்டில் இருக்கும்போது வேலை தொடங்கக் கூடாது, முற்றிலும் குளிர்ந்துவிட்டாலும் மறை இறுகிக்கொள்ளும், இளஞ்சூடே தக்கது. துரு இளக்கும் எண்ணெயை விட்டுச் சிறிது நேரம் பொறுத்து, கம்பிக்கு வழிவிடும் பிளவுள்ள சாக்கெட்டால் கழற்றுவர் கைதேர்ந்தோர். மறையில் பூசும் பசை சென்சாரின் முனையில் படலாகாது. கீழே விழுந்த சென்சாரைப் பொருத்தலாகாது; உள்ளிருக்கும் குப்பி விரிந்திருக்கக்கூடும். கம்பியை வெட்டி ஈயம் வைத்து ஒட்டுவதும் தவறு. பல சென்சார்களுக்கு வெளிக்காற்று அந்தக் கம்பியின் வழியாகவே உட்செல்கிறது. பழையதைப் பெட்ரோலில் கழுவியோ கம்பிப் புருசால் தேய்த்தோ மீண்டும் போடுவது பயனற்ற வேலை. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கருமையான கரி கலவையில் பெட்ரோல் மிகுந்ததையும், வெண்மையான படிவு சிலிக்கோனையோ கூலன்டையோ காட்டும். அது நோயாளியின் நாக்கைப் பார்ப்பது போன்றது.

விளக்கை அணைப்பது தீர்வன்று

மஞ்சள் விளக்கு எரிகிறது என்று சொன்னால், அதன் குறியை மட்டும் அழித்து அனுப்புவோர் உண்டு. பின்புற சென்சாரை ஏமாற்ற இடையில் ஒரு துண்டுக்குழாயைச் செருகுவோரும், சுத்திகரிப்பானின் உட்கூட்டையே உடைத்து எடுத்துவிட்டு ‘இனி வண்டி பறக்கும்’ என்போரும் உண்டு. இவற்றைச் செய்து தரச் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளரும் நம்மிடையே இல்லாமலில்லை. பி.எஸ். 4 காரின் புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. புகைச் சான்று இல்லாத வண்டிக்கு, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அபராதத்துக்கு அஞ்சி மட்டும் நேர்மையாயிருப்பது போதாது. வண்டி வராமலே சான்று வாங்கிவிட முடியுமானாலும், அந்தப் புகையை முகரும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எந்தச் சான்றும் மருந்தாகாது. பிறர் அறியாத இடத்தில் பிறருக்குத் தீங்கு செய்யாதிருப்பதையே நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்க விரும்புகிறோம். அவர்கள் நம் சொல்லைவிடச் செயலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியது

வண்டிக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் தேதியையும், ஓடிய கிலோமீட்டரையும், நிரப்பிய லிட்டரையும் எழுதுங்கள். பள்ளிக்குச் செல்லும் மகனிடமோ மகளிடமோ இந்தப் பொறுப்பை ஒப்படைத்தால், கணக்குப் பாடத்துக்கும் அது துணையாகும். மூன்று நான்கு மாதங்களில் உங்கள் வண்டியின் இயல்பான மைலேஜ் என்னவென்று தெரிந்துவிடும். டயரின் காற்று, ஏர் பில்டர், ஓட்டும் சாலை ஆகியவை மாறாதிருக்கும்போது மைலேஜ் மட்டும் தொடர்ந்து இறங்குமாயின், அதுவே சோதனைக்குரிய வேளை. சென்சாரை மாற்றினால் அந்த நாளையும் கிலோமீட்டரையும் அதே நோட்டில் குறித்துவைக்க மறவாதீர்கள். வண்டியைப் பின்னாளில் வாங்குபவருக்கும் அது உதவும்.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கோ, கோடை விடுமுறையில் மூணாற்றுக்கோ புறப்படுமுன் டயரையும் பிரேக்கையும் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இராயப்பன்பட்டியிலும் சின்னமனூரிலும் ஓர் இலட்சம் கிலோமீட்டரைக் கடந்த பழைய கார் வைத்திருக்கும் அன்பர்கள், அந்தப் பட்டியலில் இனி இந்தச் சோதனையையும் சேர்த்துக்கொள்வார்களாக. ஸ்கேனரில் பார்க்க ஆகும் நேரம் அரை மணிக்கு மேற்படாது. சென்சார் சுறுசுறுப்பாகத் தாவினால், செலவின்றி மகிழ்ந்து திரும்புங்கள். சோம்பி ஊர்ந்தால், பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.